அறை வெப்பநிலை, மதுரை

இன்று காலை ஒரு டியூபை மேசைமேல் வைத்துவிட்டுப் போன் பேசப் போனேன். பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்து பார்த்தால், தெளிந்த தண்ணீராக இருந்தது நீராகாரம்போல் வெளுத்துக் கலங்கி நிற்கிறது. வெயில் இன்னும் ஜன்னலைக்கூடத் தொடவில்லை. ஆய்வக ஏசி எப்போதும்போல் ஓடவில்லை. டியூபைத் திறந்ததும் அதிலிருந்த டிடர்ஜென்டின் லேசான சோப்பு வாசனை வந்தது. கூடவே உன் குரலும் வந்தது. "வச்சிட்டுப் போயிட்டியா? வெளங்கிரும்."

நல்லவேளை, அதற்குள் யாருடைய புற்றுநோய்க் கட்டியும் இல்லை. வெறும் டிடர்ஜென்ட் கரைசல்தான். இருந்தாலும் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. இத்தனை வருடம் உன்னிடம் திட்டு வாங்கியும் புத்தி வரவில்லையே என்று அந்த டியூபைக் கழுவாமல் அப்படியே ஸ்டாண்டில் வைத்திருக்கிறேன்.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உனக்குக் கடிதம் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. இருந்த நாளில் நாம் எதையும் எழுதி வைத்துப் பேசியதில்லை, கத்தித்தான் தீர்த்தோம். ஆனால் இன்று எழுதாமல் முடியாது. நேற்று நம் கைடு சாருக்கும் எனக்கும் உன்னை வைத்துப் பெரிய சண்டை. அவர் திருத்தித் திருத்தி, நம் ஆய்வுக் கட்டுரை இப்போதுதான் தயாராகியிருக்கிறது. அதில் எழுதியவர்கள் வரிசையிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல்கிறார். மாட்டேன் என்றேன். இன்று நாலு மணிக்குள் நல்ல முடிவாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார். என் முடிவில் மாற்றம் இல்லை. போய்ச் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த ஆய்வகத்துக்கு நான் வந்த முதல் நாளே நீ என்னைத் திட்டினாய். உசிலம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒத்தக்கடையில் இறங்கி, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தேன். ஆராய்ச்சி மாணவி என்று கழுத்தில் அட்டை வேறு. கொண்டுவந்த சோற்று டப்பாவை முதலில் கண்ணில் பட்ட பிரிட்ஜில் வைத்தேன். நீ அதைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி நின்றாய்.

"ஏம்மா, இது கட்டி வைக்கிற பிரிட்ஜு. ஒன் தயிர்ச்சோத்துக்கும் ஒரு நம்பர் போடவா?"

எனக்கு இரண்டு பட்டம், உனக்கு ஒரு டிப்ளமோ. இருவருக்கும் ஒரே வயது. நீ டெக்னீசியன், அதாவது சம்பளப் பட்டியலில் எனக்குக் கீழே, வேலை தெரிந்த வரிசையில் மேலே. தெற்குவாசலில் பாத்திரக்கடை வைத்திருக்கிற உன் அத்தாவின் வாய் அப்படியே மகளான உனக்கு. ஒரு மாதம் வரை உன்னைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக இருந்தது. நீ என்னை ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாய், நானும் பதிலுக்கு "என்ன தெற்குவாசல்?" என்பேன். அப்புறம் அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

உன் வீட்டுக்கு முதன்முதலில் வந்த அன்று, உன் அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்கள். "கேன்சருக்குச் சோப்புப் போட்டுக் கழுவுறீங்கன்னு இவ சொல்றாளே, நெசமா?" நான் புத்தகத் தமிழில் ஆரம்பித்தேன். நீ என் கையைத் தட்டிவிட்டு, கறிக்குழம்புச் சட்டியைத் தூக்கிக் காட்டினாய்.

"இதுல கொழுப்பு ஒட்டியிருக்குல்ல, தண்ணி ஊத்துனா போகுமா? போகாது. அது மாதிரி ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் ஒரு கொழுப்புத் தோலு இருக்கும்மா. நாங்க தேடுற புரதம் அந்தத் தோலுக்குள்ள பொதைஞ்சு கெடக்கு. அதை வெளிய எடுக்கத்தான் சோப்பு. நீங்க தேய்க்கிற சோப்பைப் போட்டா அந்தப் புரதத்தோட மூஞ்சி மொகரை எல்லாம் செதைஞ்சு போயிரும். இது சாதுவான சோப்பு. கொழுப்பை விட்டுப் பிரிச்சுட்டு வரும், ஆளைக் கெடுக்காது."

உன் அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்கும் ஒரு பாட்டில் கொண்டாந்து குடு" என்றார்கள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. நான் மூன்று பக்கத்தில் எழுதி சாரிடம் கொடுத்ததை நீ ஒரு சட்டியை வைத்து முடித்திருந்தாய்.

வேலை என்னவோ சொல்வதற்கு எளிதாகத்தான் இருந்தது. சினைப்பையில் புற்றுநோய் வந்த பெண்களுக்கு ஆபரேஷன் நடக்கும்போது எடுக்கிற கட்டியில் ஒரு துண்டு, அவர்கள் சம்மதித்தால், நமக்கு வரும். அதை அரைத்து, டிடர்ஜென்ட் கலந்து, கரையாத சக்கையை மெஷினில் சுற்றி அடியில் ஒதுக்கிவிட்டு, மேலே நிற்கிற தெளிந்த நீரை எடுக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்த நீரைச் சூடாக்கிக் கலங்க வைக்க வேண்டும். நம் டிடர்ஜென்டுக்கு அப்படி ஒரு குணம். குளிரில் தெளிந்து கிடக்கும், சூடு பட்டால் கலங்கி எண்ணெய்போல் அடியில் திரளும். திரளும்போது செல்லின் தோலில் இருந்த புரதங்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். நோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கக்கூடும் என்று நாம் நம்பிய அந்த ஒரு புரதம் அதில்தான் கிடைக்க வேண்டும்.

கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் கிடைக்கவில்லை. சூடாக்குவதற்கு முன்பே டியூப் கலங்கிவிடும். கலங்கியதைச் சுற்றி மேலே நிற்கிற நீரில் தேடினாலும் ஒன்றும் இருக்காது, சாம்பிள் கெட்டுவிட்டது என்று நாங்கள் முடிவு கட்டிவிடுவோம். மருத்துவமனையில் ஐஸில் வைக்கத் தாமதம் செய்கிறார்கள் என்று சார் சொன்னார், நானும் ஆமாம் போட்டேன். நீ மட்டும் ஒவ்வொரு டியூபையும் குப்பையில் போடும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய்.

"வயித்தைக் கிழிச்சுக் குடுத்திருக்கா ஒருத்தி. நாம அசால்ட்டா தூக்கிப் போடுறோம்."

"கெட்டுப்போனதை வச்சு என்ன செய்யச் சொல்ற?" என்று நான் கத்துவேன்.

அப்போதுதான் நீ அந்தக் காலண்டர் வேலையைத் தொடங்கியிருக்கிறாய். எனக்குத் தெரியாது. ஆய்வகச் சுவரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்கியது. தினமும் காலையில் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அன்று செய்த டியூபின் எண்ணை எழுதி, சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்து அறையின் சூட்டையும் எழுதி, எவ்வளவு கலங்கியது என்று ஒரு வார்த்தை எழுதி, கிளிப் போட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தாய். ஒரு நாள் அவற்றை எல்லாம் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம், சூலம். நான் கேலி செய்தேன். "என்ன பாய் வீட்டுப் பிள்ளை, ராகுகாலத்துல செஞ்சா கலங்குதுன்னு கண்டுபிடிச்சிட்டியா?"

நீ சிரிக்கவில்லை. "இங்க உக்காரு" என்றாய். தாள்களைத் தேதி வாரியாக அல்லாமல் சூட்டு வாரியாக அடுக்கியிருந்தாய். மார்கழிக் காலையில் செய்ததெல்லாம் லேசாகத்தான் கலங்கியிருந்தது. சித்திரையில் செய்ததெல்லாம் பாலாகக் கலங்கியிருந்தது.

"சாம்பிள் கெட்டுப்போறதா இருந்தா மாசம் பாத்தா கெடும்? அந்தச் செய்முறைத் தாளை எடு. மொதக் கட்டத்துல என்ன போட்டிருக்கு, படி."

படித்தேன். அறை வெப்பநிலையில் பத்து நிமிடம் வைக்கவும்.

"எந்த ஊரு அறைடி?" என்றாய்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தாளை எழுதியவன் ஏதோ ஒரு குளிர்ப் பிரதேசத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எழுதியிருக்கிறான். அவன் அறை நம் பிரிட்ஜுக்குப் பக்கத்து வீடு. இருபது டிகிரியைத் தாண்டியதும் கலங்கத் தொடங்கும் என்று அந்த டிடர்ஜென்ட் பாட்டிலோடு வந்த காகிதத்திலேயே இருக்கிறது. எனக்கு அது மனப்பாடம், தேர்வில் கேட்டால் எழுதியிருப்பேன். ஆனால் சுவரில் தொங்கிய வெப்பமானியை நான் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. நம் ஊர் அறையில் பத்து நிமிடம் வைத்தால் அது முதல் கட்டத்திலேயே கலங்கி, புரதத்தைச் சுருட்டிக்கொண்டு சக்கையோடு அடியில் போய் உட்கார்ந்துவிடும். நாம் அடியைக் கொட்டிவிட்டு மேலே இருந்த வெறும் தண்ணீரில் தேடிக்கொண்டிருந்தோம்.

"தேடுனதை நாமளே குப்பையில கொட்டிருக்கோம்டி" என்று சொல்லிவிட்டு நீ அழுதாய். கண்டுபிடித்த சந்தோஷத்தில் அழுகிறாய் என்று நினைத்தேன். "அம்புட்டுப் பொம்பளைங்க" என்றாய் அடுத்து. அப்புறம்தான் எனக்கும் அழுகை வந்தது.

மறுநாளிலிருந்து எல்லாம் ஐஸில். ஐஸ் மெஷின் பழுதாகிக் கிடந்தது, அதற்கு மனு எழுதி எழுதி எனக்குக் கையெழுத்து அழகானதுதான் மிச்சம். நீ மீன்கடையில் சொல்லி வைத்து தெர்மாகோல் பெட்டி நிறைய உடைத்த ஐஸ் வாங்கி வருவாய். மருத்துவமனையில் கட்டியை வாங்கி அதிலேயே புதைத்து, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவோம். ஒரு நாள் கண்டக்டர், "பொட்டியில என்னம்மா, மீனா? பஸ்ஸு நாறிப்போயிருமே" என்றார்.

"நாறாதுண்ணே. இது மனுசக் கட்டி" என்றாய் நீ, டிக்கெட் கேட்கிற அதே குரலில்.

ஒத்தக்கடை வரும்வரை நம் பக்கத்துச் சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. "பாத்தியா, ஏசி பஸ்ஸு மாதிரி காத்தோட்டமா வாரோம்" என்று என் காதில் சொன்னாய். அந்த மாதம்தான் முதன்முதலாக நம் புரதம் கிடைத்தது. டியூபின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய்போல. நீ அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "வாங்க மகராசி" என்றாய்.

இனி எழுதப்போவதுதான் எனக்கு ஆறாத பகுதி. உன் வயிறு உப்பிக்கொண்டு வந்தது. கொஞ்சம் சாப்பிட்டாலே போதும் என்பாய். முதுகு வலிக்கிறது என்பாய். கிளினிக்கில் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். நீ சோம்புத் தண்ணீர் குடித்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா, உன் அண்ணன் வீட்டு விசேஷத்துப் பிரியாணியைச் சொல்லி உன்னைக் கிண்டல் செய்தேன். இந்த நோய் எப்படி ஒளிந்துகொண்டு வரும், என்னென்ன சொல்லிக்கொண்டு வரும் என்று என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். வயிறு உப்பும், சீக்கிரம் நிறையும், பெண்கள் வாயுத் தொல்லை என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தது நீ. இரண்டு பேரும் அதே நோயை வருடக்கணக்கில் கையில் அளைந்தவர்கள். நமக்குத் தெரியவில்லை. இதற்கு நான் என்னை மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

ஸ்கேன் முடிவு வந்த அன்று நீ சாரிடம் போய் லீவு கேட்டாய். அவரும் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார், அதைச் சொல்ல வேண்டும். உன் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து, வெளியே சொல்லாதீர்கள், சினைப்பையை எடுத்தது தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று உன் அம்மாவிடம் கிசுகிசுத்தாள். நீ உள்ளேயிருந்து கேட்டுவிட்டாய்.

"எனக்கு உசுரு வேணும்னு ஆப்பரேஷன் பண்ணிக்கிறேன். மாப்பிள்ளை வேணும்னு இல்ல. போற வழியில நாலு வீட்டுல சொல்லிட்டுப் போங்க, வயிறு உப்புனா கேஸுன்னு இருந்துராதீங்கன்னு."

ஆபரேஷனுக்கு முன்னால் சம்மதப் படிவம் வந்தது. கட்டியில் ஒரு துண்டை ஆய்வுக்குத் தரச் சம்மதமா என்று கேட்கிற படிவம். நீயே நூறு தடவை நகல் எடுத்த தாள். நர்ஸ் விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும் அவள் வரிகளை நீயே சொல்லி முடித்தாய். அடுத்து வருகிற பெண்களுக்கு உதவியாக இருக்கும் என்று அவள் ஆறுதலாகச் சொன்னதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அடுத்தவளுக்கு ஒதவுனா ஒதவட்டும்மா. நான் அதுக்காகக் குடுக்கலை. என் வயித்துக்குள்ள எனக்குத் தெரியாம யாரு குடியிருந்ததுன்னு நான் பாக்கணும்."

உன் துண்டு வந்தது. எண் போட்டுப் பெட்டியில் வைத்தேன். அன்று மருத்துவமனையிலிருந்து வந்தது அந்த ஒன்றுதான், ஆகவே அது யாருடையது என்று எனக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அதற்குப் பின்னால் வந்ததை எல்லாம் செய்தேன். அதை மட்டும் தொடவில்லை.

மூன்றாவது கீமோ முடிந்து நீ ஒரு காலைப்பொழுதில் ஆட்டோவில் வந்து இறங்கினாய். முக்காட்டுக்குள் தலை சின்னதாகிவிட்டிருந்தது. வந்ததும் கேட்டாய்.

"என்னோடதைச் செஞ்சாச்சா?"

"இல்ல."

"ஏன்?"

"கை வரலைடி."

"எனக்குக் கை மரத்துப்போச்சு, ஒனக்குக் கை வரலை. நல்ல ஜோடி. எடு அதை."

மருந்தில் உன் விரல்கள் உணர்வற்றுப் போயிருந்தன, சொட்டு அளந்து உறிஞ்சுகிற பிப்பெட்டைப் பிடிக்க முடியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். நான் உன்னை அரைத்தேன். வேறு எப்படிச் சொல்ல? டிடர்ஜென்டை எடுக்கும்போது, "மெதுவா இழு, அது பாகு மாதிரி, அவசரப்பட்டா பாதிதான் வரும்" என்றாய். ஐஸைக் கூட்டச் சொன்னாய். மெஷின் சுற்றும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தாய், ஓதினாயா தூங்கினாயா என்று நான் கேட்கவில்லை. தெளிந்த நீரைத் தனியே எடுத்து, சூட்டில் வைத்தேன். சரியான நேரத்தில், நாம் சொன்ன பிறகு, அது கலங்கியது. சுற்றி எடுத்ததும் அடியில் அந்தச் சொட்டு.

நீ டியூபை வாங்கி மரத்துப்போன இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய். மற்றவர்களுடையதைப் பார்த்துச் சொன்ன அந்த வாங்க மகராசியை அன்று சொல்லவில்லை. "இதானா நீ" என்றாய். அப்புறம் என்னைப் பார்த்து, "இது எனக்கு ஒதவாதுல்ல?" என்றாய்.

பொய் சொல்ல வாயெடுத்தேன். உன் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை. "ஒதவாதுடி" என்றேன்.

"சரி. எழுதிக்க" என்றாய்.

முடிவுகளை எல்லாம் சேர்த்து நான் கட்டுரை எழுதி முடித்தபோது நீ மறுபடியும் வார்டில் இருந்தாய். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பக்கத்துக் கட்டில் பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள். செய்முறைப் பகுதிக்கு வந்ததும் நீ கையைத் தூக்கினாய். "நில்லு. என்ன சொன்ன? திரும்பப் படி." படித்தேன். பழைய பழக்கத்தில் ஒரு இடத்தில் அறை வெப்பநிலை என்றே எழுதித் தொலைத்திருக்கிறேன். உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தையல் போட்ட இடம் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "எத்தனை டிகிரின்னு நம்பரைப் போடு. இன்னொரு ஊர்க்காரி ஏமாறக் கூடாது." எண்ணைப் போட்டேன். அதன் பிறகு பத்து நாள்கூட நீ இருக்கவில்லை.

உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது பெண்கள் வீட்டுக்குள்ளேயே நின்றோம். உன் அம்மா என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார்கள். தெருமுனை திரும்பும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது.

இவ்வளவையும் நேற்று சாரிடம் சொல்லவில்லை. அவர் சொன்னது இதுதான். டெக்னீசியனுக்கு நன்றி தெரிவிக்கிற பகுதியில் ஒரு வரி போடுவதுதான் வழக்கம். அவளே நோயாளியாகவும் இருந்திருக்கிறாள், அவள் கட்டியும் இந்த ஆய்வில் இருக்கிறது, நாளைக்குக் கேள்வி வரும். கடைசிப் பிரதியை அவள் பார்த்து ஒப்புக்கொள்ளவும் இல்லை.

"பாத்தா சார். திருத்தமும் சொன்னா" என்றேன்.

"எமோஷனலா பேசாதீங்கம்மா. ஆதாரம் என்ன இருக்கு?"

அதற்குத்தான் இன்று போகிறேன். மணி மூன்றே முக்கால். உன் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டேன். மீதியை வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். இப்போது பஸ்ஸில் இருக்கிறேன், எழுத்து கோணல்மாணலாகப் போகும், பொறுத்துக்கொள்.

சாரின் மேசையில் காலண்டர் தாள்களை அடுக்கினேன். அவர் ஒன்றைப் புரட்டிப் பார்த்து, "இதுல ராகுகாலம் எல்லாம் போட்டிருக்கு. இதை ஆய்வுப் பதிவுன்னு எப்படிக் காட்டுறது?" என்றார்.

"பின்பக்கம் பாருங்க சார். அன்னைக்கு நம்ம ரெக்கார்டு நோட்டுல நான் என்ன எழுதியிருக்கேன்னும் பாருங்க. 'சாம்பிள் கெட்டது'. அத்தனை நாளும் அதே ரெண்டு வார்த்தை. இந்த மொத்த ஆய்வகத்துல அறையோட சூட்டை எழுதி வச்சது அவ ஒருத்திதான். இந்தச் செய்முறை அவளோடது. அவ பேரு இல்லாம இதை என் பேருல போட எனக்கு முடியாது."

"அப்படின்னா?"

"என் பேரையும் எடுத்துருங்க சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் எனக்குப் பட்டம். என் பெயர் இல்லையென்றால் இத்தனை வருடமும் உசிலம்பட்டிக்கும் ஒத்தக்கடைக்கும் பஸ்ஸில் போய் வந்ததுதான் மிச்சம். வீட்டில் என்ன சொல்வேன் என்று ஒரு நொடி கண்ணுக்குள் ஓடியது. ஆனால் வாயிலிருந்து வந்ததைத் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை. உன் வாய் எனக்கும் ஒட்டிவிட்டது போலிருக்கிறது.

சார் அந்த அடுக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒன்றில் நீ கலங்குச்சு என்று எழுதி, பக்கத்தில், ஏன்டி கலங்குற என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்து அவருக்கு உதடு லேசாகத் துடித்ததை நான் பார்த்தேன்.

"கடைசியில போட்டுக்கலாமா?" என்றார்.

"ரெண்டாவது சார். எனக்கு அடுத்து."

"நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார்."

"அவ சாம்பிள் எதுன்னு கேட்டா?"

"அதை மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒங்களுக்கும்."

அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல்தான் போட்டார். போட்டாரே, போதும்.

கீழே வந்து கம்ப்யூட்டரில் பெயர்களை ஏற்றினேன். உன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. இவர் இப்போது உயிருடன் இல்லை என்றால் டிக் செய்யவும். அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மருத்துவமனையில் சொன்னபோதோ, தெருமுனை வரை பார்த்தபோதோ நான் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. டிக் செய்தேன். உன் மெயில் முகவரியைக் கேட்டது, அதையும் போட்டேன். அனுப்பிவிட்டு வெளியே வந்து அழுதேன். வாட்ச்மேன் தண்ணீர் கொடுத்தார்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் உன் அம்மாவிடமிருந்து போன்.

"ஏம்மா, அவ போன்ல என்னமோ வந்திருக்கு. மருமக படிச்சுச் சொன்னா. அவ பேரைப் போட்டு, ஒங்க கட்டுரை வந்து சேந்துச்சுன்னு எழுதியிருக்காம். அவ இல்லைன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. நான்தான் சொன்னேன்."

"தெரிஞ்சுமா அவளுக்கு எழுதியிருக்காங்க?"

"கட்டுரை அவளோடதும்மா. எல்லாருக்கும் வர்ற மெயிலுதான், அவளுக்கும் வந்திருக்கு."

மறுமுனையில் பாத்திரங்களின் ஓசை கேட்டது. பிறகு கேட்டார்கள். "இன்னும் வருமா?"

"வரும்மா. அதைக் கேட்டு இதைக் கேட்டு நெறைய வரும்."

"அந்தப் போனு சும்மா கெடக்குதே, கனெக்சனை நிப்பாட்டிரலாம்னு அவ அண்ணன் சொல்லிக்கிட்டிருந்தான். வேணாங்கிறேன். எம் மகளுக்குக் கடுதாசி வருதுல்ல. நான் சார்ஜு போட்டு வைக்கிறேன். நீ வந்து வந்து பாத்து, அவ என்ன சொல்லுவாளோ அதைச் சொல்லு."

வாரேம்மா என்றேன். போனை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கேள்விகள் வரட்டும். ஒவ்வொன்றாக வரட்டும். ஐஸைப் பற்றிக் கேட்டால் சொல்வேன், சூட்டைப் பற்றிக் கேட்டால் எண்ணோடு சொல்வேன், இதை எல்லாம் மதுரையில் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் மதுரையில்தான் செய்தோம் என்று சொல்வேன். அட்டவணையில் வரிசையாக நிற்கிற எண்களில் எது நீ என்பது மட்டும் என்னோடு இருக்கும். உன் பெயர் முதல் பக்கத்தில் இருக்கிறது. எல்லோரும் அதைப் படிக்கட்டும்.